கார்டில் இல்லாத காய்ச்சல்

ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடலாமுங்களா? காத்துக்காக இல்லீங்க. நீங்க ரெண்டு தடவை இருமினீங்க, அதான். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இது தொழில் புத்தி. பக்கத்துல ஒருத்தர் இருமினா எத்தனை நாளா இருக்குது, சளி கட்டியிருக்குதா, வீட்ல வேற யாருக்காச்சும் இருக்குதான்னு வாயில வந்துரும். மிளகாய் மண்டியில வேலைங்களா? அப்படீன்னா சரி. அது நெடி. நெடிக்கு நான் பாடம் நடத்தறதில்ல.

வாத்தியாருங்க நான். பார்மசி காலேஜ்ல. பேரு சென்னியப்பன். பெருந்துறை வரைக்குங்களா நீங்க? நானும் அந்தப் பக்கந்தான், ரெண்டு ஸ்டாப்பு முன்னாடி. எப்பவும் காலேஜ் பஸ்லதான் போவேன். இப்பக் கொஞ்ச நாளா அதுல ஏறறதில்ல. நான் ஏறினதும் பஸ்ஸே கப்சிப்னு ஆயிருது. இருபது வருசத்துக்கு மேல அப்படித்தான் ஆயிட்டு இருந்துச்சு, அது மரியாதை. இப்ப ஆகறது வேற. வேறன்னா... விடுங்க. மணி என்னங்க ஆச்சு? பதினோரு மணிக்கு ஒரு கமிட்டி இருக்குது. என்னை விசாரிக்கத்தான் கமிட்டி.

அப்படிப் பாக்காதீங்க. வாத்தியார் மேல விசாரணைன்னதும் எல்லாருக்கும் ஒரே நினைப்புதான் ஓடும். அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒரே ஒரு பூஜ்யம். பரீட்சையில ஒரு புள்ளைக்கு நான் போட்ட பூஜ்யம். அதை அடிச்சுட்டு மார்க் போடுங்கறாங்க. நான் முடியாதுங்கறேன். போடலைன்னா அந்தப் புள்ளைக்கு ஒரு வருசம் போயிரும். போட்டா என் பேரு போயிரும். இவ்வளவுதான் விசயம். முழுசாக் கேட்டீங்கன்னா நீங்களே என் பக்கம் பேசுவீங்க.

பஸ் ஏன் நிக்குது? பால் வண்டியா? சரி.

நான் நடத்தற பாடம் என்னன்னு கேளுங்க. புதுசு புதுசா மொளைக்கற தொத்து வியாதிக. வௌவால்ல இருந்து வர்றது, கோழியில இருந்து வர்றது, குரங்குல இருந்து வர்றது, எங்கயோ ஒழிஞ்சு போச்சுன்னு நினைச்சு மறுபடி தலை தூக்கறது, எல்லாம். மத்தவங்க இதை நோட்ஸைப் பாத்து ஒப்பிச்சுட்டுப் போவாங்க. மருந்து விக்கப் போற புள்ளைகளுக்கு இது எதுக்குன்னு எங்க பிரின்சிபாலே ஒரு தடவை கேட்டாரு. நான் திருப்பிக் கேட்டேன், சார், நம்ம ஊர்ல காய்ச்சல் வந்தா யாராச்சும் நேரா டாக்டர்கிட்டப் போறாங்களான்னு. மருந்துக் கடைக்குத்தானே போறோம்? காய்ச்சலுக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்கன்னுதானே நிக்கறோம்? அப்போ ஒரு புது வியாதி இந்த ஜில்லாவுக்குள்ள காலெடுத்து வெச்சா, அது முதல்ல வந்து நிக்கற இடம் மருந்துக் கடை கவுண்ட்டருங்க. அங்க நிக்கற புள்ளை கண்ணைத் தொறந்து வெச்சிருந்தா நாடு தப்பிச்சுது. கல்லாவை மட்டும் பாத்துட்டு இருந்தா எல்லாரும் மாட்டினோம். இதை நான் முதல் நாள் வகுப்புலயே சொல்லிருவேன். சொல்றப்ப எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

சொன்னா மட்டும் பத்தாது, பழக்கோணுமில்லைங்களா? எங்க காலேஜ்ல ஒரு ரூம்ல மருந்துக் கடை மாதிரியே கட்டி வெச்சிருக்கறாங்க. எல்லா பார்மசி காலேஜ்லயும் இருக்கும். கண்ணாடி அலமாரி, கவுண்ட்டர், மேல பச்சைச் சிலுவை போட்ட போர்டு, எல்லாம் இருக்கும், டப்பா மட்டும் காலி டப்பா. தூசி தட்டக்கூட ஆள் போறதில்ல. அதை உசுரோட ஒரு கடை ஆக்கினது நாந்தான். கார்டு முறை கொண்டு வந்தேன். ஒரு புள்ளை பேஷண்ட், ஒரு புள்ளை பார்மசிஸ்ட். பேஷண்ட் கையில நான் ஒரு கார்டு கொடுப்பேன். அதுல அந்த ஆளுக்கு என்ன இருக்குது, எத்தனை நாளா இருக்குதுன்னு இருக்கும். பேஷண்ட் வந்து, ஒரு வலி மாத்திரை குடுங்கன்னு மட்டும் கேக்கோணும். அந்தப் பக்கம் நிக்கறவங்க, எத்தனை நாளாக் காய்ச்சல், எங்க போயிருந்தீங்க, என்னத்தைத் தொட்டீங்க, உடம்புல ஏதாச்சும் தடிப்பு, புண்ணு இருக்குதான்னு ஒண்ணொண்ணாக் கேட்டு, மாத்திரை குடுக்கறதா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதான்னு முடிவு பண்ணோணும். கேட்டாத்தான் சொல்லோணும், கேக்காட்டி கார்டுலயே கெடக்கும். எப்படி இருக்குது?

நல்லா இருக்குதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. முதல் வருசம் ஒரு கூத்து ஆயிப்போச்சு. ஒரு பையன், நடிப்புல ஆசைப்பட்டவனாட்ட இருக்குது, கார்டை மடிச்சு ஜோப்புல வெச்சுட்டு, வௌவால் கடிச்சுருச்சுங்க, கோழி செத்துப் போச்சுங்க, ஒட்டகம் மூஞ்சியில நக்கிருச்சுங்கன்னு அடுக்கிட்டே போறான். அந்தப் பக்கம் நின்னவனும் சும்மா இல்லாம, எந்த ஊர் ஒட்டகமுங்கன்னு கேக்கறான். பவானி ஒட்டகங்கறான் இவன். வகுப்பே உருண்டு சிரிக்குது. அன்னைக்கே ஒரு ரூல் போட்டேன். கார்டுல இருக்கறதுக்கு மேல பேஷண்ட் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா அரை மார்க் கட். ரெண்டாவது ரூல், பாதியில எழுந்து போனா பூஜ்யம். ரூல் இல்லாம ஒரு பரீட்சை நடத்த முடியுமுங்களா? நீங்களே சொல்லுங்க. மண்டியில எடை போடறதுக்கு ஒரு ரூல் இல்லையா?

இப்ப விசயத்துக்கு வர்றேன். மாதேஸ்வரின்னு ஒரு புள்ளை. மூணாம் வருசம். பர்கூர் மலையில ஏதோ ஒரு ஊரு, அந்தியூர்ல இருந்து மேல ஏறோணும். ஹாஸ்டல்ல இருந்து படிக்குது. இருக்கற இடம் தெரியாது. கேட்டதுக்குப் பதில், மத்தபடி வாயே தொறக்காது. எனக்கு அந்த மாதிரிப் புள்ளைகளைத்தாங்க புடிக்கும். தீவாளிக்கு ஊருக்குப் போயிட்டு மழையெல்லாம் நின்னப்புறம் வந்துச்சு. வந்து கொஞ்ச நாள்ல பிராக்டிகல் பரீட்சை.

பரீட்சைக்கு முந்தின நாள் என் ரூம் வாசல்ல வந்து நின்னுச்சு. சார், காய்ச்சலா இருக்குதுங்க சார்னுச்சு. நான் எப்பவும் சொல்ற ஜோக்கைச் சொன்னேன். பரீட்சைக்கு முந்தின நாள் எல்லாருக்கும் காய்ச்சல்தாம்மா, பரீட்சை முடிஞ்ச மறுநாள் பாரு, ஊரே சுகமாயிரும்னேன். சிரிச்சுதுங்க. சிரிச்சுட்டுத்தான் போச்சு. இப்ப என்னடான்னா அந்தப் பூஜ்யம் வாங்கின புள்ளை கமிட்டிக்கு எழுதிக் குடுத்ததுல, சார் கேலி பண்ணி அனுப்பினாருன்னு இருக்குதாம். ஒரு வாத்தியார் தமாஸ் பேசக் கூடாதா? இத்தனை வருசம் சொல்லியிருக்கறேன், ஒருத்தரும் கோவிச்சுட்டதில்ல.

சித்தோடு வந்துருச்சுங்களா? இன்னும் இல்லையா. எனக்கு இந்த ரோட்டுல உக்காந்து வர்றதே ஆகமாட்டேங்குது இப்போ. நீங்க ஜன்னல் பக்கம் வர்றீங்களா? வேண்டாமா. சரி, நானே இருக்கறேன்.

பரீட்சை அன்னைக்கு வெளியில இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க, மார்க் போட. சேலத்துப் பக்கம் ஒரு காலேஜ். எங்க கடையைப் பாத்ததும் அசந்துட்டாங்க. நான் கார்டு முறையை விளக்கினேன். இதை எல்லாக் காலேஜ்லயும் கொண்டு வரோணும் சார்னாங்க. எனக்கு வேற என்ன வேணும்? காலையில இருந்து ஒண்ணொண்ணும் அச்சு பிசகாமப் போச்சு. மத்தியானம் மாதேஸ்வரி பேஷண்ட், நிரஞ்சனா பார்மசிஸ்ட்.

நிரஞ்சனாவைப் பத்திச் சொல்லோணும். அதுதான் பூஜ்யம் வாங்கினது. அப்பா லாரி ஓட்டறாரு. வாய் ஜாஸ்தி. வகுப்புல நான் ஒண்ணு சொன்னா, அப்படி இல்லாம இப்படி இருந்தா என்ன சார் பண்றதும்பா. அப்படி இல்லாம இப்படி இருந்தாங்கறதுக்கு முடிவு இருக்குதுங்களா? ஆனா படிப்பாள். அதைச் சொல்லாட்டி பாவம்.

மாதேஸ்வரிக்கு வந்தது டெங்கு கார்டு. மூணு நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால வலி, வெளியூர் எங்கயும் போகல, உடம்புல தடிப்பு, புண்ணு ஒண்ணும் இல்ல. அவ வந்து கவுண்ட்டரைப் புடிச்சுட்டு நின்னா. நல்லா நடுங்கினா. உதடெல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. மேடம் என் பக்கம் சாஞ்சு, உங்க ஸ்டூடண்ட் தத்ரூபமா நடிக்கறாங்க சார்னாங்க. பெருமை தாங்கலீங்க எனக்கு. மலையில இருந்து வந்த புள்ளை, வாயே தொறக்காத புள்ளை, நம்ம பயிற்சியில இப்படி ஆயிருச்சேன்னு நினைச்சேன்.

நிரஞ்சனா கேக்கறா, எத்தனை நாளாங்க காய்ச்சல்னு. இவ எட்டு நாளுங்கறா. கார்டுல மூணு நாள். அரை மார்க் குறைச்சேன். வெளியில எங்காச்சும் போயிருந்தீங்களா? ஊருக்குப் போயிருந்தேனுங்க, ஆடு ஓட்டிட்டுப் பொதருக்குள்ள போனேனுங்கறா. கார்டுல எங்கயும் போகல. இன்னொரு அரை. உடம்புல ஏதாச்சும் புண்ணு? இடுப்புல நாடா கட்டற எடத்துல ஒரு கருப்புப் பொருக்கு இருக்குதுங்க, வலிக்கலைங்கறா. அதுக்கும் அரை. மேடம் வேற பாத்துட்டு இருக்கறாங்க, எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுது.

எதுக்கு ஏறுதுன்னு உங்களுக்குப் புரியாது. அந்தப் பொருக்கு இருக்குதே, சிகரெட்டு சுட்ட மாதிரி, வலிக்காது, மறைவான எடத்துல இருக்கும், பேஷண்டுக்கே தெரியாது, நீங்கதான் கேக்கோணும்னு நாந்தான் வகுப்புல தொண்டை கிழியச் சொன்னது. அது உண்ணிக் காய்ச்சல் பாடமுங்க. பொதர்ல இருக்கற ஒரு பூச்சி, கண்ணுக்கே தெரியாது, அது கடிச்சு வர்றது. மழைக்கு அப்புறம்தான் வரும். நேரத்துல சரியான மாத்திரை குடுத்தா ரெண்டு நாள்ல எழுந்து உக்காந்துருவாங்க. விட்டா நுரையீரலைப் புடிச்சுக்கும். இதெல்லாம் பத்தாவது பாடம். டெங்கு ஆறாவது பாடம். இவ ஆறாவதுல பத்தாவதைக் கலக்கறா. ரெண்டு பாடத்தையும் போட்டுக் குழப்பிட்டாளேன்னு எனக்கு ஆத்திரம். நல்லாப் படிக்கற புள்ளை, மேடம் முன்னாடி இப்படி மானத்தை வாங்கறாளேன்னு.

மேசையைத் தட்டினேன். மாதேஸ்வரி, கார்டுல இருக்கறதைச் சொல்லும்மான்னேன்.

அவ என்னைப் பாத்தா. சரிங்க சார்னா. பழையபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சா. மூணு நாளுங்க காய்ச்சல். எங்கயும் போகலீங்க. உடம்புல ஒண்ணும் இல்லீங்க. ஒரு வார்த்தை பிசகல. எவ்வளவு கட்டுப்பாடான புள்ளைன்னு பாருங்க. குறைச்ச மார்க்குல ஒண்ணைத் திருப்பிக் குடுத்துட்டேன். நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்லீங்க.

தண்ணி வேணுமுங்களா? இல்ல, எனக்குத்தான் நாக்கு ஒட்டுது. ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

அப்புறம் பாருங்க, இந்த நிரஞ்சனா கேள்வி கேக்கறதை நிறுத்திட்டா. கவுண்ட்டருக்கு மேல கையை நீட்டி மாதேஸ்வரி நெத்தியில வெச்சா. பார்மசிஸ்ட் பேஷண்டைத் தொடறதுக்கு எங்க முறையில எடமே இல்ல. நான் அதைச் சொல்லி வாய் மூடலை, சார், இது நடிப்பு இல்லைங்க சார்னா. உடம்பு கொதிக்குதுங்கறா. நான் சொன்னேன், பரீட்சை முடியற வரைக்கும் அவ பேஷண்ட், நீ பார்மசிஸ்ட், கேக்க வேண்டியதைக் கேளும்மான்னு. வெளியாள் இருக்கறப்போ நான் வேற என்ன சொல்றதுங்க? அதுக்கு அவ, பார்மசிஸ்டாத்தான் சார் கூட்டிட்டுப் போறேன்னா. கவுண்ட்டர் பலகையைத் தூக்கிட்டு வெளிய வந்தா. அவளைத் தோள்ல சாய்ச்சுட்டுக் கடைக்கு வெளிய, ரூமுக்கு வெளிய, கேட்டுக்கு வெளிய, ஆட்டோவுல ஏறியாச்சு. எனக்குப் பின்னால காலி டப்பாவா அடுக்கி நிக்குது. மேடம் டீ கிளாஸைக் கையில வெச்சுட்டு என் மூஞ்சியையே பாக்கறாங்க.

பாதியில எழுந்து போனா பூஜ்யம். போட்டேன். ரூல்தானுங்க? அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? இல்ல, சொல்லுங்க. சும்மா தலையாட்டாதீங்க.

ஆமாங்க. உண்ணிக் காய்ச்சல்தான். அந்தப் பொருக்கை வெச்சே நிரஞ்சனா ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கறா. நர்ஸை இடுப்பைப் பாக்கச் சொல்லியிருக்கறா. அவங்களும் பாத்துட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு வர்றதுக்குள்ளயே மருந்து ஏத்திட்டாங்க. அதுக்குள்ள நுரையீரல்ல எறங்கியிருந்துச்சு. ராத்திரியே மூச்சு மிசின் வெச்சுட்டாங்க. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாராம். இன்னும் ஒரு நாள்னா, அந்த மறுநாளுங்க. நாந்தான் ஊரே சுகமாயிரும்னு... சரி, அது தமாஸுக்குச் சொன்னது.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. நிரஞ்சனா எழுதிக் குடுத்ததுல ஒரு வரி இருக்குதாம். சென்னியப்பன் சார் நடத்தின பாடத்தை வெச்சுத்தான் நான் கண்டுபிடிச்சேன்னு. பாருங்க. அவளே ஒத்துக்கறா. நான் பாடம் நடத்தலைன்னா அந்தப் பொருக்கை அவ எங்க கண்டா? அப்போ மாதேஸ்வரி உசுரோட இருக்கறதுக்கு யார் காரணம்? இதை நான் பிரின்சிபால்கிட்டக் கேட்டேன். சார், என் பாடத்துக்கு நூத்துக்கு நூறு, என் பரீட்சைக்கு மட்டும் குத்தமான்னு. அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, சென்னியப்பன், அந்தப் புள்ளைக்கு மார்க்கைப் போட்டுட்டுப் பேசாம இருங்க, விசயம் வெளிய போறதுக்குள்ளன்னாரு. விசயம் வெளிய போறதைப் பத்தியா நான் பேசறேன்? நியாயத்தைப் பேசறேன்.

புள்ளைக வகுப்புக்கு வந்து உக்காருதுக. பேனாவைத் தொடறதில்ல. நான் கேள்வி கேட்டா, எல்லாம் சேந்து, கார்டுல இல்லீங்க சாருங்குதுக. மொத தடவை எனக்குப் புரியவே இல்ல. ரெண்டாம் நாள் எலிக் காய்ச்சல் நடத்திட்டு, யாருக்காச்சும் சந்தேகம் இருக்குதான்னேன். கார்டுல இல்லீங்க சார். அவ்வளவு மரியாதையா, அவ்வளவு மெதுவா. சிரிப்புகூட இல்ல. அதுக்கப்புறந்தான் அந்த பஸ்ல ஏறறதை விட்டேன்.

அது எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன். சொல்லோணும்னு இல்ல. ஆனா சொல்லிட்டா எனக்குத் தூக்கம் வருமோ என்னமோ.

ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு போனப்போ டூட்டி டாக்டர் மாதேஸ்வரியை எழுப்பிக் கேட்டிருக்கறாரு. எத்தனை நாளாம்மா காய்ச்சல்னு. ஒரு சின்ன டாக்டர், எங்க காலேஜைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இவ கண்ணைத் தொறந்து பாத்துட்டு அவருகிட்டக் கேட்டாளாம்.

“கார்டுல இருக்கறதைச் சொல்லட்டுங்களா, எனக்கு இருக்கறதைச் சொல்லட்டுங்களா சார்?”

டாக்டருக்கு ஒண்ணும் புரியல. காய்ச்சல்ல உளறுதுன்னு நினைச்சு, நினைவு தடுமாறுதுன்னு எழுதிட்டாரு. பக்கத்துல இருந்த நிரஞ்சனாதான் அழுதுட்டே சொல்லியிருக்கறா, உனக்கு இருக்கறதைச் சொல்லுடின்னு. அப்புறந்தான் எட்டு நாளுங்கன்னு சொல்லியிருக்கறா. நிரஞ்சனா இதை ஹாஸ்டல்ல போய்ச் சொல்லி, ஹாஸ்டல் காலேஜுக்குச் சொல்லி, இப்போ ஆபீஸ் பியூன்கூட என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கறான்.

உளறுதாம். நினைவு தடுமாற்றமாம். நான் ஒண்ணு சொல்றேங்க. இத்தனை வருசத்துல என்கிட்ட எத்தனையோ புள்ளைக எத்தனையோ சந்தேகம் கேட்டிருக்குதுக. இவ்வளவு தெளிவா ஒருத்தரும் கேட்டதில்ல.

சித்தோடு தாண்டியாச்சா? எப்போ? சரி சரி.

மூச்சு மிசினை நேத்துச் சாயங்காலம் எடுத்துட்டாங்க. காலையில அரிசிக் கஞ்சி ரெண்டு டம்ளர் குடிச்சிருக்குது. எனக்கு எப்படித் தெரியும்னுதானே பாக்கறீங்க? காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா வார்டுக்குப் போன் பண்ணிருவேன். மாமா பேசறேன்னு சொல்லிக்குவேன். வாத்தியார்னு சொன்னா வம்பு. அந்த நர்ஸம்மாவுக்கு என் குரல் பழகிப் போச்சு. நேத்து என்னன்னா, மாமா, உங்க புள்ளை இன்னைக்குக் கண்ணு முழிச்சுப் பாத்துச்சு, ஒரு நடை வந்து பாத்துட்டுப் போகக் கூடாதான்னு கேக்குது. வர்றேம்மான்னேன். வர்றேம்மான்னுதான் சொன்னேன்.

நீங்களும் அதையே கேளுங்க. கேக்கத்தான் போறீங்கன்னு எனக்குத் தெரியும். போகலீங்க. ஒரு தடவைகூடப் போகல. ஆஸ்பத்திரி இந்த ரோட்டுலயேதான் இருக்குது. எங்க காலேஜுக்கு முன்னாடி, நீலக் கண்ணாடி போட்ட கட்டடம். தினம் இதே பஸ்ஸு அந்த வாசல்ல நின்னுதான் போகுது. ஆளுக எறங்கறாங்க, ஏறறாங்க. நான் அந்தப் பக்கம் பாக்கறதில்ல. கமிட்டி முடியட்டும்னு இருந்தேன். விசாரணை நடக்கறப்போ போனா, சாட்சியைக் கலைக்கப் போனாருன்னு சொல்லுவாங்க. சொல்ல மாட்டாங்களா? உங்களுக்கு எங்க ஆளுகளைத் தெரியாது.

கமிட்டியில என்ன பேசறதுன்னு ரெண்டு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு இருக்கறேன். ரூல்னா ரூல். இன்னைக்கு ஒருத்திக்குத் தளத்தினா நாளைக்கு ஒட்டகம் வரும். நல்லா இருக்குதில்லைங்களா அந்த வரி? நேத்து ராவெல்லாம் அதைத்தான் உருப்போட்டேன். ஆனா ஒவ்வொரு தடவை சொல்றப்பவும், ஒட்டகம்னு வந்ததும் எனக்கு அந்தப் பையன் மூஞ்சி வரமாட்டேங்குது. இவ மூஞ்சிதான் வருது. கவுண்ட்டரைப் புடிச்சுட்டு, எங்கயும் போகலீங்க, உடம்புல ஒண்ணும் இல்லீங்கன்னு. அன்னைக்கு அவளுக்கு நிக்கவே முடியாம இருந்திருக்கோணும். நின்னுட்டு, நான் சொன்னேங்கறதுக்காக, இல்ல இல்லன்னு சொல்லிட்டு இருந்திருக்கறா.

எனக்குப் பயமுங்க. கமிட்டிக்கு இல்ல. கமிட்டி என்னை என்ன பண்ணிரும்? பாடத்தைப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுப்பாங்க, குடுக்கட்டும். நான் போய் அந்தக் கட்டில் பக்கத்துல நிக்கறேன்னு வெச்சுக்கங்க. உடம்பு எப்படிம்மா இருக்குதுன்னு கேப்பேன். கேக்காம இருக்க முடியுமா, வேற என்னத்தைக் கேக்கறது? அவ கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துட்டு, மறுபடியும் அதையே என்கிட்டக் கேட்டுட்டா? கார்டுல இருக்கறதைச் சொல்லட்டுங்களா சார்னு, எப்பவும் போல மரியாதையாக் கேட்டுட்டா? அதுக்குத்தாங்க நான் போகல. இதை நான் வேற யாருகிட்டயும் சொல்லல, எங்க வீட்ல கூட.

ஏனுங்க, இப்ப ஒரு எடத்துல நின்னுச்சே, அது என்ன ஸ்டாப்பு? நீலக் கண்ணாடியா? தாண்டிருச்சா? நான் உங்ககிட்டப் பேசிட்டே கவனிக்கல. மொத தடவையா நிமிந்து பாத்திருக்கலாம்னு நினைக்கறேன், அதுக்குள்ள தாண்டிருச்சு.

மணி பத்தேமுக்காலா. அடுத்த ஸ்டாப்பு எதுங்க? அங்க இருந்து திரும்பி நடந்தா ரொம்ப தூரமா? வெயில் பரவால்லைங்க. கமிட்டிக்கு நான் வரலைன்னா அவங்களே அந்தப் பூஜ்யத்தை அடிச்சுட்டு மார்க் போட்டுருவாங்க. போடட்டும். நிரஞ்சனாவுக்கு எவ்வளவு வேணும்னாலும் போடட்டும். கண்டக்டர், ஒரு ஆள் எறங்கோணும். இங்கயே நிறுத்தினாலும் சரி.

கேட்டாள்னா, உனக்கு இருக்கறதைச் சொல்லு கண்ணுன்னு சொல்லோணும். அவ்வளவுதானே? அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தைதானே. காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க, நான் எறங்கிக்கறேன்.